நஷ்டஈட்டுச் சட்டம்: அடிபட்டவருக்கும் ஓர் இடம் வேண்டும்

கட்டைவிரல் ஒன்று போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரலுக்கு 12, மோதிர விரலானாலும் சுண்டு விரலானாலும் 7. ஒரு கண் போய் மற்றக் கண் நன்றாக இருந்தால் 40. வேலையில் உறுப்பை இழந்த தொழிலாளியின் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று சட்டம் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தோடு பிறந்த இந்தப் பட்டியல் 1962-இல் திருத்தி எழுதப்பட்டது. கை எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது என்பதைச் சொல்ல அதில் 20.32 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு வருகிறது. எட்டு அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் வருவது அதுதான். அங்குலம் சென்டிமீட்டர் ஆயிற்று. மற்றபடி பட்டியல் பெரும்பாலும் அசையவில்லை.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்திருந்த நாட்களில், பார்லிமெண்டில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நஷ்டஈட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் உள்ளிட்ட ஒன்பது சட்டங்கள் அதில் அடங்கிவிட்டன. பழைய பட்டியலும் புதிய வீட்டுக்குக் குடிபோயிற்று. நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில், பிரஸ்ஸில் விரல் போனவர்களையும் சாரத்திலிருந்து விழுந்தவர்களையும் கூப்பிட்டு, "இந்தச் சட்டம் உங்களுக்கு எப்படி உதவியது, எங்கே கைவிட்டது?" என்று கேட்டிருக்க வேண்டாமா? அப்படிக் கேட்டாக வேண்டும் என்ற விதி பழைய சட்டத்திலும் இல்லை; புதியதிலும் இல்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? முதலில் இந்தப் பட்டியலைப் பற்றியே சொல்லியிருப்பார்கள். இதற்கு வலக்கை, இடக்கை என்ற வித்தியாசம் தெரியாது. எந்தக் கையின் விரலானாலும் ஒரே சதவீதந்தான். செய்கிற தொழிலையும் இது கேட்பதில்லை. தையற்காரருக்கு ஆள்காட்டி விரல்தான் தொழில். கேட்டில் உட்காரும் வாட்ச்மேனுக்கு அப்படியல்ல. இருவருக்கும் 14 தான். விரல் இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை. கம்பியைப் பிடித்தால் பிடி நிற்பதில்லை. மார்கழிக் குளிரில் ராத்திரி முழுவதும் மரத்துப்போகிறது. இவை பட்டியலில் எந்த வரியிலும் வரமாட்டா. டாக்டர் பார்த்து ஒரு சதவீதம் போட வேண்டும். டாக்டர் எலும்பைப் பார்க்கிறார்; வேலையைப் பார்த்ததில்லை.

நீதிமன்றங்களுக்கு இது புரியாமல் இல்லை. ஒரிஸ்ஸாவில் சினிமாக் கொட்டகை ஒன்றில் வேலை செய்த தச்சர் ஒருவருக்கு இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. இது பகுதி ஊனந்தான் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு முழு இழப்பே என்று சுப்ரீம் கோர்ட்டு 1975-இல் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த நாளிலிருந்தே நஷ்டஈடு பாக்கியாகிறது என்றும் சொல்லிற்று. உறுப்பின் ஊனம் வேறு, பிழைப்பின் இழப்பு வேறு என்பதை 2010-இல் ஒரு மோட்டார் விபத்து வழக்கிலும் அதே கோர்ட்டு விளக்கமாக எடுத்துச் சொன்னது. ஆனால் எத்தனை தச்சர்களால் டில்லி வரை போக முடியும்? ஒருவர் போய் வாங்கி வந்த நியாயம் பட்டியலில் ஏறினால்தான் அடுத்தவர் போக வேண்டியிராது. அது ஏறவில்லை.

அடுத்தது ஊதிய உச்சவரம்பு. நஷ்டஈடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தொழிலாளிகளில் பலர் அறியார்கள். குமாஸ்தாக்களிலும் சிலர் அறியார்கள். மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கி, அதில் ஊனத்தின் சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். 30 வயதுக்காரருக்கு அந்த எண் 207.98. ஆனால் மாத ஊதியம் எவ்வளவானாலும் ஒரு வரம்புக்கு மேல் கணக்கில் சேராது. அந்த வரம்பு 2000-இல் ரூ. 4,000, 2010-இல் ரூ. 8,000, 2020 ஜனவரியில் ரூ. 15,000. பத்து ஆண்டுக்கு ஒரு முறை அரசு கண் விழித்துப் பார்க்கிறது போலும்! விலைவாசி அப்படிப் பத்தாண்டுக்கு ஒரு முறை ஏறுவதில்லை.

இதன் பலன் என்ன? பீன்யாவில் பவர் பிரஸ் ஓட்டும் 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு, மாதம் ரூ. 16,000 ஊதியத்தில், இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில், 2019 டிசம்பர் 31-ஆம் தேதி கட்டைவிரல் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ரூ. 8,000 வரம்பின்படி அவருக்குச் சேர வேண்டியது ரூ. 2,99,491. பக்கத்து மெஷினில் அதே வயது, அதே ஊதியம் உள்ளவருக்கு ஒரு வாரம் கழித்து அதே விரல் போனால் ரூ. 5,61,546. ஒரு வாரத்துக்கு ரூ. 2,62,055 வித்தியாசம். இதைக் கோப்பில் பார்க்கிறவருக்கு இது ஓர் அறிவிப்பின் தேதி. அந்த இரண்டு தொழிலாளிகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், உச்சவரம்பை விலைவாசிப் புள்ளியோடு கட்டி ஆண்டுதோறும் தானே உயரச் செய்யும் யோசனை ஐந்து நிமிஷத்தில் பிறந்திருக்கும்.

மொழி விஷயத்துக்கு வந்தால், வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழர்களுக்கு இது நேரடியாகவே உறைக்கும். வேலைக்குச் சேரும்போதே நஷ்டஈட்டு உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. தவறும் முதலாளிக்கு ரூ. 50,000-லிருந்து ரூ. 1 லட்சம் வரை அபராதம் என்று அந்தத் திருத்தம் சொல்லிற்று. நல்ல திருத்தம். ஆனால் எந்த மொழியில் தெரிவிப்பது? ஆங்கிலம், ஹிந்தி, அல்லது வேலை செய்யும் இடத்தின் ஆட்சிமொழி. இவற்றில் தொழிலாளிக்குப் புரிவது எதுவோ அது. தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பெங்களூருக்கு வந்து சென்ட்ரிங் வேலையும் கம்பி கட்டும் வேலையும் செய்கிறவருக்கு இந்த மூன்றில் எது புரியும்? கன்னடம் பேசப் பழகியிருப்பார், படிக்கத் தெரிந்திராது. திருப்பூருக்கு வரும் பீகார்க்காரருக்காவது ஹிந்தி இருக்கிறது. அங்கே வரும் ஒடியாக்காரருக்கு அதுவும் இல்லை. இந்த வாக்கியத்தை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். ஊர் விட்டு ஊர் போய் அடிபட்ட ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் "தொழிலாளியின் தாய்மொழி" என்ற சொல் சேர்ந்திருக்கும். குறை அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. விபத்து நடந்த இடத்துக் கமிஷனரிடந்தான் மனுச் செய்ய வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. பெங்களூரில் விழுந்து, ஊருக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் படுத்திருப்பவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வர வேண்டும். 1995-இல்தான் இது மாறியது. தொழிலாளியோ, இறந்திருந்தால் அவர் குடும்பத்தாரோ, தாங்கள் வழக்கமாக வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று ஆயிற்று. இந்தச் சிறு திருத்தத்துக்கு 72 ஆண்டு பிடித்தது. அடிபட்டுக் கிடக்கும் எவரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார்.

தொழிலாளர் பிரதிநிதிகள்தாம் ஏற்கெனவே இருக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டப்படி அமைந்த கார்ப்பரேஷனில் முதலாளிகள் தரப்பில் 10 பேர், தொழிலாளர் தரப்பில் 10 பேர், மருத்துவத் தொழிலைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர், எம்.பி.க்கள் மூன்று பேர், இவர்களோடு மத்திய, மாநில அரசுகளின் ஆட்கள். வைத்தியம் பார்ப்பவருக்கு நாற்காலி உண்டு. வைத்தியம் பார்த்துக்கொண்டவருக்கு இல்லை. தொழிலாளர் பிரதிநிதிகள் அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் யோசனைப்படி வருகிறார்கள். சங்கங்களைக் குறை சொல்வதற்கில்லை. அவை இல்லாவிட்டால் இந்த அளவு சட்டங்கூட வந்திராது. ஆனால் சங்கம் என்பது வேலையில் இருப்பவர்களின் சங்கம். கை போனவர் வேலையிலிருந்து போகிறார், மஸ்டர் ரோலிலிருந்து பெயர் போகிறது, சந்தா நிற்கிறது, சங்கத்திலிருந்தும் போய்விடுகிறார். காண்டிராக்டரிடம் இருந்தவர் என்றால் சங்கத்திலேயே அவர் இருந்ததில்லை. சம்பள உயர்வுப் பேச்சுக்கு ஆயிரம் பேர் வாசலில் நிற்பார்கள். மெடிக்கல் போர்டு வாசலில் நிற்பவர் தனியாக நிற்கிறார். கூட வந்திருப்பது மனைவியோ மைத்துனரோ.

உலகத்தில் எங்கேனும் அடிபட்டவர்கள் ஒன்று கூடி இப்படிக் கேட்டதுண்டா? உண்டு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது. வில்லியம் மெரிடித் என்ற நீதிபதி 1913-இல் அளித்த அறிக்கையின் மேல் அங்கே நஷ்டஈட்டு முறை எழுந்தது. தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பார். பதிலுக்கு, யார் தவறு என்று கேட்காமல், ஊனம் உள்ளவரை உதவித்தொகை நிச்சயம். உயர்ந்த கொள்கைதான். அறுபது ஆண்டு கழிந்தபோது, டொரான்டோ நகரில் கட்டிடம் கட்ட வந்த இத்தாலியர்களுக்கு அந்தக் கொள்கை ஆங்கிலத்தில் வரும் புரியாத கடிதமாக மட்டுமே தெரிந்தது. முதுகு ஒடிந்தவர்களும் கால் போனவர்களுமான அவர்கள் 1974-இல் அடிபட்ட தொழிலாளர் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இங்கே சென்ட்ரிங் வேலை செய்யும் தமிழரின் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் மொழியைத் தவிர அதிக வித்தியாசம் இல்லை.

பேராசிரியர் பால் வைலர் என்பவரைக் கொண்டு அந்த மாகாண அரசு முறையைத் திருத்த யோசனை கேட்டது. ஊனத்துக்கான ஆயுள் பென்ஷனை எடுத்துவிட்டு, அவ்வப்போது ஆகும் ஊதிய இழப்பை மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. அதை விசாரிக்கச் சட்டசபைக் குழு 1983 ஜூன் 1-ஆம் தேதி கூடியபோது, ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் சுமார் 3,000 பேர் வந்துவிட்டார்கள். அறை கொள்ளவில்லை. குழு எழுந்து வந்து சட்டசபைக் கட்டிடத்தின் முன்படிகளில் விசாரணையை நடத்த வேண்டியதாயிற்று. அந்தத் தேதியை அங்கே இன்றும் அடிபட்ட தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கிடைத்தது என்ன? 1985-இல் சுதந்திரமான மேல்முறையீட்டு டிரிபியூனல் ஒன்று ஏற்பட்டது. சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்கு இலவசமாக வழக்கு நடத்திக் கொடுக்க ஓர் அலுவலகம் ஏற்பட்டது. கவனிக்க வேண்டியது இது: அந்த மக்கள் கேட்டது ரூபாய் அணா மட்டும் அல்ல. மேல்முறையீடு யாரிடம், வாதாட ஆள் யார், கடிதம் எந்த மொழியில் என்றும் கேட்டார்கள். எல்லாம் நிலைத்துவிடவும் இல்லை. அவர்கள் தடுத்து நிறுத்திய ஆயுள் பென்ஷன் மாற்றத்தை 1990-இல் வேறோர் உருவத்தில் அரசு கொண்டுவந்துவிட்டது. ஒரு முறை படிக்கட்டில் கேட்பது வேறு, எப்போதும் மேஜையில் இடம் வைத்திருப்பது வேறு என்பதற்கு ஒன்டாரியோவே சாட்சி.

இந்தியாவிலும் தடயங்கள் இல்லாமலில்லை. குர்கான், மானேசர் பக்கத்து மோட்டார் உதிரிபாகப் பட்டறைகளில் விரல் நசுங்கியவர்களைச் சந்தித்து, அவர்கள் வாய்மொழியை வைத்தே 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர். வேலைக்குச் சேர்ந்த அன்றே கிடைத்திருக்க வேண்டிய இ.எஸ்.ஐ. அட்டை பலருக்கு விபத்துக்குப் பிறகே கையில் வந்தது என்ற உண்மை அப்படித்தான் வெளிவந்தது. எந்த ஆபீஸ் கோப்பிலும் இது தெரியாது. கோப்பில் அட்டை இருக்கும். தேதியை விபத்துத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அட்டைக்காக ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவருக்குத்தான் தோன்றும். ராஜஸ்தானத்திலும், கல்குவாரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் அவர்களுடைய விதவைகளும் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகு, 2019-இல் அரசு சிலிகோசிஸ் நோய்க்கென்று தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதியானதும் ரூ. 3 லட்சம், இறந்த பின் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சம். உயிரோடு இருக்கும்போதே பெரும் பகுதியைக் கொடு என்ற புத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே மனுவோடு அலைந்தவர்களைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

நஷ்டஈடு வாங்குகிறவரே நஷ்டஈட்டை நிர்ணயிக்கலாமா என்று ஓர் ஆட்சேபணை எழும். நஷ்டஈடு கொடுக்கிற முதலாளிகளுக்குப் பத்து நாற்காலி இருப்பதை இந்த ஆட்சேபணைக்காரர்கள் என்றும் ஆட்சேபித்ததில்லை. இன்னொரு ஆட்சேபணை கொஞ்சம் கனமானது. அடிபட்டவருக்குத் தன் வழக்குத் தெரியும். முறை முழுவதும் தெரியுமா? நிதிக் கணக்குத் தெரியுமா? தெரியாமலிருக்கலாம். நிதிக் கணக்குத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் வருமானமில்லாத வீட்டில் எந்தச் சாமான் முதலில் அடகுக்குப் போகிறது என்பது தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. எத்தனை நாளுக்குள் முதல் தவணை கொடுக்க வேண்டும் என்று விதி எழுதும்போது தேவைப்படுவது இந்த அறிவே.

ஒரே ஓர் ஆளை அழைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவதால் ஒன்றும் ஆகாது. ஊனத்துக்காக உதவித்தொகை பெறுகிறவர்களிலிருந்து, குறைந்தது இரண்டு மூன்று பேர், இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனிலும் அதன் மண்டலக் குழுக்களிலும் உட்கார வேண்டும். அவர்களில் ஒருவராவது வெளிமாநிலத் தொழிலாளியாக இருக்க வேண்டும். வருகிற நாளுக்குக் கூலியும் வழிச்செலவும் தர வேண்டும். தினக்கூலிக்காரரை இலவச யோசனைக்குக் கூப்பிடுவது நியாயமல்ல. பேச்சை மொழிபெயர்க்க ஆள் வேண்டும். புதிய மனுப் பாரம் எதையும் அச்சடிக்கும் முன், பழைய பாரத்தை நிரப்பித் தடுமாறிய இருபது பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அதற்குச் சட்டத்திருத்தங்கூட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் குமாஸ்தாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. விபத்து அறிக்கையை எழுதுவது பெரும்பாலும் டைம் ஆபீஸிலோ பெர்சனல் டிபார்ட்மெண்டிலோ இருக்கும் ஒருவர். "தொழிலாளியின் கவனக்குறைவால்" என்று பழக்க தோஷத்தில் ஒரு வரி எழுதிவிடுகிறார். வெறும் கவனக்குறைவு நஷ்டஈட்டை மறுக்கக் காரணம் ஆகாது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவது, தடுப்பை வேண்டுமென்றே எடுத்துவிடுவது, இவைதாம் சட்டம் சொல்லும் விலக்குகள். மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் இவைகூட எடுபடமாட்டா. ஆனால் அந்த ஒரு வரியைக் காட்டித்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் காகிதம் செல்லாது என்று 1923-லேயே சட்டம் சொல்லிவிட்டது. காகிதத்தை நீட்டுகிறவருக்கு இது தெரியும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது.

சட்டத்தின் கீழ் விதிகளைச் செய்யும்போதும் திருத்தும்போதும் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்பது அரசின் வழக்கம். மத்திய அரசின் வரைவு கெஜட்டில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். முதலாளிகள் சங்கங்கள் வக்கீல் வைத்துப் பதில் எழுதும். பெங்களூரில் தமிழ் அமைப்புகளுக்குக் குறைவில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மண்டபம் நிறைகிறது. அதே மண்டபத்தில் ஒரு நாள் பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் விரல் இழந்தவர்களையும், கட்டிடத்தில் விழுந்து ஊன்றுகோலோடு நடப்பவர்களையும் வரவழைத்து, தேதி வாரியாக அவர்களுக்கு நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். விபத்து என்றைக்கு, அறிக்கை என்றைக்கு, முதல் ரூபாய் கைக்கு வந்தது என்றைக்கு, எத்தனை முறை நடந்தார், ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு கூலி போயிற்று. இருபது பேர் சொன்னால் போதும். அதை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மாற்றி டைப் அடித்து, கர்நாடகத் தொழிலாளர் இலாகாவுக்கும் டில்லிக்கும் அனுப்பக்கூடிய குமாஸ்தாக்கள் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.